நாயின் மூக்கை யாரும் பார்க்கவில்லை

10 மில்லி மூக்குச் சொட்டு மருந்துக் குப்பி ஒன்று ஐந்து மாதம் என் சட்டைப்பையில் குடியிருந்தது. பர்ஸை மறந்து ஆபீசுக்குப் போயிருக்கிறேன், செல்போனை மறந்து போயிருக்கிறேன். அந்தக் குப்பியை மட்டும் மறந்ததில்லை. ஒருமுறை திருநெல்வேலி போகும் ராத்திரி பஸ்ஸில், மதுரை தாண்டியபிறகு அது காலி என்று தெரிந்தது. பஸ் அடுத்து நின்ற இடத்தில் இறங்கி ஓடினேன். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டிருந்த மெடிக்கல் ஷாப்காரர், வாயால் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து நின்ற என்னைப் பார்த்து என்ன நினைத்தாரோ, பேசாமல் எடுத்துக் கொடுத்தார். பஸ் ஏறுவதற்குள் இரண்டு பக்கமும் விட்டுக்கொண்டேன். அந்த ஒரு நிமிடத்தின் சுகத்தைச் சொல்லி மாளாது.

அட்டைப்பெட்டியின் ஓரத்தில் பொடி எழுத்தில் போட்டிருந்தது, சில நாட்களுக்கு மேல் தொடர்ந்து பயன்படுத்தக் கூடாதென்று. தெரியாதவன் செய்தால் பரவாயில்லை. நான் மருந்தியல் படித்தவன். இந்த மருந்து ஏன் வேலை செய்கிறது, ஏன் நாளாக நாளாக வேலை செய்யாமல் போகிறது என்று பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கியவன். அதைவிட, அந்தப் பாடத்தை ஒரு நாய் உயிரோடு கிடந்து எனக்கு நடத்திக் காட்டியிருக்கிறது.

மூக்கடைப்பு என்றால் உள்ளே சளி கட்டிக்கொண்டிருக்கிறது என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். அதனால்தான் சிந்திச் சிந்தி மூக்கு சிவந்துபோகிறது, அடைப்பு மட்டும் போவதில்லை. பெரும்பாலும் அங்கே அடைத்துக்கொண்டிருப்பது ரத்தம். மூக்கின் பக்கச் சுவரிலிருந்து திண்ணைபோல நீட்டிக்கொண்டிருக்கும் எலும்பு மடிப்புகள் உண்டு. அவற்றின் மேல் போர்த்திய சதைக்குள் சின்னச் சின்ன ரத்தப் பைகள் நிறைந்திருக்கின்றன. பை நிரம்பினால் திண்ணை வீங்கி வழி குறுகும், வடிந்தால் திறக்கும். வடியச் சொல்லிக் கட்டளையிடுவது பரிவு நரம்பு. அது நார்அட்ரினலின் என்ற வேதிப்பொருளைக் கசியவிட, ரத்தக்குழாய்ச் சுவரில் இருக்கும் ஆல்ஃபா ஏற்பிகள் அதைப் பிடித்துக்கொண்டு குழாயைச் சுருக்குகின்றன. சொட்டு மருந்தோ மாத்திரையோ, அடைப்பு நீக்கி என்று விற்கப்படும் எல்லாமே இந்த நரம்பின் குரலை மிமிக்ரி செய்கிறவைதான்.

நலமாக இருக்கும்போதும் இந்தத் திண்ணைகள் சும்மா இருப்பதில்லை. சில மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு பக்கம் வீங்க, மறுபக்கம் வடியும். பிறகு முறை மாறும். ரிச்சர்ட் கைசர் என்ற ஜெர்மானிய மருத்துவர் 1895-ல் இதைப் பதிவு செய்தார். நம்மூரில் சரம் பார்க்கிறவர்கள், இப்போது இடது மூக்கான இடகலை ஓடுகிறது, இனி வலதான பிங்கலை என்று கணக்கு வைத்திருந்ததை நினைத்துக்கொள்ளலாம். அவர்கள் அதை வைத்துப் பயணத்துக்கும் கல்யாணத்துக்கும் நேரம் குறித்தார்கள் என்பது வேறு கதை.

நாய்க்கு வருகிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில், செய்முறை வகுப்பு. மேசையில் மயக்கமருந்து கொடுத்த ஒரு தெருநாய். கழுத்துத் தமனியில் செருகிய குழாய் பாதரச மானோமீட்டருக்குப் போகிறது. பாதரசத்தின் மேல் மிதக்கும் ஒரு கம்பியின் நுனி, கரிப்புகை பிடித்த தாள் சுற்றிய உருளையைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. உருளை மெல்லச் சுற்றச் சுற்றக் கரியைச் சுரண்டி வெள்ளைக் கோடு விழும். அதுதான் அந்த நாயின் ரத்த அழுத்தம். முந்தைய நாள் மண்ணெண்ணெய் விளக்கில் அந்தத் தாளுக்குப் புகை காட்டியதே நாங்கள்தான். கை, முகம், சட்டை எல்லாம் கரி.

தொடைச் சிரையில் அட்ரினலின் ஊசி போட்டார் ஆசிரியர். கோடு மலைபோல ஏறி இறங்கியது. அடுத்து அடைப்பு நீக்கிகளில் பழையதான எஃபிட்ரின். இந்த முறை மலை மெதுவாக ஏறி, நெடுநேரம் நின்று இறங்கியது. அதே அளவு எஃபிட்ரின் மறுபடியும் போட்டார். மலை குன்றாயிற்று. மூன்றாவது ஊசிக்கு மேடு. நான்காவதற்குக் கோட்டில் ஒரு சின்ன நெளிவு.

"பார்த்துக்கோங்க. டோஸ் அதேதான், பலன் கொறஞ்சிட்டே வருது. இதுக்குப் பேருதான் டாக்கிஃபைலாக்ஸிஸ்."

எஃபிட்ரின் முக்கியமாக நரம்பு முனையில் சேர்த்துவைத்த நார்அட்ரினலினை வெளியே தள்ளித்தான் வேலை செய்கிறது. இருப்பு கரைந்தால் தள்ளுவதற்கு ஒன்றும் இல்லை. குறித்துக்கொண்டோம். கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம். நாயைப் பார்த்தது ஒருவர் மட்டும், ஆய்வக உதவியாளர் அண்ணன். சாமானெல்லாம் எடுத்துவைக்கும்போது என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "காலைல புடிச்சிட்டு வரும்போது மூக்கு ஜில்லுனு ஈரமா இருந்துச்சு தம்பி. இப்பத் தொட்டுப் பாருங்க, காஞ்சு போச்சு." நான் தொடவில்லை. நாயின் மூக்கு நுனி ஈரத்துக்கும் உள்ளே இருக்கும் ரத்தப் பைகளுக்கும் பெரிய சம்பந்தம் கிடையாது, அவர் சொன்னதில் அறிவியல் ஒன்றுமில்லை. ஆனால் அடைப்பு நீக்கி மருந்தைப் பற்றிய அந்த வகுப்பில் மூக்கு என்ற சொல்லை உச்சரித்தவர் அவர் ஒருவர்தான். அன்று மயக்கம் தெளியாமலேயே நாய் போனது. அப்படித்தான் போக வேண்டும் என்பது விதி.

பிற்பாடு படித்தபோது தெரிந்தது, எஃபிட்ரின் நவீன மருத்துவத்துக்குள் வந்த கதையே ஒரு செய்முறை வகுப்பு நாயில்தான் தொடங்கியது என்று. 1923-ல் அமெரிக்காவில் படிப்பை முடித்துச் சீனாவின் பீகிங் யூனியன் மருத்துவக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தவர் கே. கே. சென். சீன வைத்தியத்தில் நெடுங்காலமாகப் புழங்கிய மா ஹுவாங் என்ற செடியைப் பற்றித் தன் மாமாவிடம் கேட்டு, அதைக் கஷாயம் வைத்து எடுத்துவந்தார். மாணவர்கள் பாடம் முடித்துவிட்டுப் போன மயக்கமான நாய் ஒன்று மேசையில் இருந்தது. சென்னும் உடனிருந்த கார்ல் ஷ்மிட்டும் அதன் சிரையில் கஷாயத்தை ஏற்ற, ரத்த அழுத்தம் ஏறியது, ஏறி நின்றது. செடியிலிருந்து சாரத்தைப் பிரித்தபிறகுதான், அதை ஜப்பானின் நாகாய் 1885-லேயே பிரித்துவிட்டிருந்தார் என்பது அவர்களுக்குத் தெரிந்தது. 1924-ல் அவர்கள் வெளியிட்ட கட்டுரை உலகம் முழுக்கப் போனது. எஃபிட்ரினின் பெருமை இரண்டு: அட்ரினலினைவிட நீண்ட நேரம் நிற்கிறது, வாய்வழி கொடுத்தாலும் வேலை செய்கிறது. இந்த இரண்டாவதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வேண்டியிருக்கும்.

இப்படி, மூக்கு மருந்துகளின் முதல் அளவுகோல் கழுத்துத் தமனி. ரத்தக்குழாய் சுருங்கினால் அழுத்தம் ஏறும், அழுத்தம் ஏற்றுவது மூக்கிலும் சுருக்கும் என்ற ஊகம். மோசமான ஊகமில்லை. ஆனால் நமக்கு வேண்டியது அழுத்தம் ஏறாமல் மூக்கு மட்டும் திறக்கும் மருந்து. அதற்கு மூக்கையே அளக்க வேண்டும்.

விலங்கின் மூக்கடைப்பை எப்படி அளப்பது? அதனிடம் கேட்க முடியாது. தும்மினால் எண்ணலாம், முன்னங்காலால் மூக்கைத் தேய்த்தால் எண்ணலாம். அடைப்பு வெளியே தெரியாது. எலி, சுண்டெலி, கினிப்பன்றி எல்லாம் மூக்கால் மட்டுமே மூச்சு விடும் பிராணிகள், நம்மைப்போல வாயைத் திறந்துகொண்டு சமாளிக்கத் தெரியாதவை. போதாக்குறைக்கு, எலியின் மூக்கறையில் ஏறக்குறைய பாதி மோப்பத்துக்கே ஒதுக்கப்பட்டது. அதன் உள்மடிப்புகள் கோலத்து இழைபோலச் சுருண்டு சுருண்டு போகும். அந்த மூக்கில் அடைப்பு என்றால் என்ன என்பதே நம் அனுபவத்துக்கு எட்டாதது.

சுண்டெலி விஷயத்தில் நடந்த ஒரு குளறுபடியைச் சொல்ல வேண்டும். எலியைக் கட்டாமல் மயக்காமல் ஒரு கண்ணாடி அறைக்குள் விட்டு, அறையின் காற்றழுத்தம் மூச்சோடு ஏறி இறங்குவதிலிருந்து பென்ஹெச் என்ற ஓர் எண்ணைக் கணக்கிடும் முறை தொண்ணூறுகளின் இறுதியில் பரவியது. எளிது, விரைவு, எலிக்கும் வலி இல்லை. ஆய்வுக்கூடங்கள் வாரி அணைத்துக்கொண்டன. நுரையீரலின் மூச்சுக்குழல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று அது சொல்வதாக நம்பினார்கள். ஆனால் மூக்கால் மட்டும் மூச்சு விடும் பிராணியில், மூக்கு வீங்கினாலும் அந்த எண் மாறும், மூச்சு விடும் தாளம் மாறினாலே கூட மாறும். எது எங்கே இறுகியது என்று எண்ணுக்குத் தெரியாது. 2004-ல் இத்துறை உடலியலாளர்கள் பலர் சேர்ந்து, இதை மூச்சுக்குழலின் அளவுகோலாகப் பயன்படுத்தாதீர்கள் என்று எழுத வேண்டியதாயிற்று. ஆஸ்துமா என்று எண்ணி அளந்தவர்கள் சிலர் மூக்கடைப்பை அளந்திருக்கலாம் என்பதில் எனக்கு ஒரு குரூரமான சந்தோஷம்.

ஜப்பானியர்கள் பொறுமைசாலிகள். போருக்குப் பின் மலை மலையாகச் சுகி என்ற ஊசியிலை மரங்களை நட்டார்கள். அவை வளர்ந்து மகரந்தம் கொட்டத் தொடங்கியதும், வசந்தம் வந்தால் தேசமே தும்முகிறது. கியோட்டோ மருந்தியல் பல்கலைக்கழகத்தில் தொண்ணூறுகளில் அந்த மகரந்தத்தையே கினிப்பன்றிகளுக்கு வாராவாரம் மூச்சில் கொடுத்து, அவற்றை ஒவ்வாமைக்காரர்களாகவே ஆக்கினார்கள். கினிப்பன்றியின் மூக்குக்குத் தனி அறை, உடம்புக்குத் தனி அறை. இரண்டிலும் காற்று போகும் வேகத்தை அளந்து, இடையே எவ்வளவு தாமதம் என்று பார்த்தால் தடை எவ்வளவு என்று தெரியும். அதில் கண்டது அழகானது. மகரந்தம் கொடுத்த உடனே தும்மல். சற்று நேரத்தில் ஓர் அடைப்பு. அது வடிந்தபின், சில மணி நேரம் கழித்து, வேறு யாரோ வருவதுபோல இன்னோர் அடைப்பு. ஒவ்வாமையின்போது உடம்பே கொட்டும் ஹிஸ்டமினைத் தடுக்கும் மருந்து தும்மலை அடக்கியது, அடைப்பை அவ்வளவாகத் தொடவில்லை. அப்படியே கொட்டும் இன்னொரு வகையான லூக்கோட்ரையீன்களைத் தடுக்கும் மருந்து இரண்டாவது அடைப்பைக் குறைத்தது. அலர்ஜி மாத்திரை போட்டால் தும்மல் நின்று, அடைப்பு மட்டும் நிற்காமல் படுத்துகிறதே என்று நொந்துகொண்டவர்கள் எல்லோரும் அந்தக் கினிப்பன்றிகளைச் சொந்தக்காரர்களாக ஏற்றுக்கொள்ளலாம்.

அமெரிக்காவில் ஷெரிங் பிளவ் மருந்து நிறுவனத்தில் பூனையை எடுத்துக்கொண்டார்கள். 48/80 என்று எண்ணால் மட்டும் அறியப்படும் ஒரு வேதிப்பொருள் உண்டு, ஹிஸ்டமினைச் சேர்த்துவைத்திருக்கும் மாஸ்ட் செல்களைக் குலுக்கி அதைக் கொட்டவைப்பது. அதை மூக்கில் விட்டால் பூனைக்கு அடைத்துக்கொள்ளும். அளக்கும் கருவி ஒலி. குழாய் வழியாக ஒரு சொடுக்குச் சத்தத்தை மூக்குக்குள் அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியிலிருந்து உள்ளே எந்த ஆழத்தில் எவ்வளவு இடம் திறந்திருக்கிறது என்று கணக்கிடுவது. கிணற்றில் கல்லைப் போட்டு ஆழம் பார்க்கும் சங்கதிதான். 1989-ல் மனிதர்களுக்காக வந்த இந்த முறையால், மூக்கை அறுக்காமல் உள்ளே பார்க்க முடிந்தது. அதே குழு ராக்வீட் என்ற களைச்செடியின் மகரந்தத்துக்கு ஒவ்வாமை உண்டாக்கிய நாய்களிலும் இதைச் செய்தது. ஒரே நாயை நலமாக ஒருநாள், அடைப்போடு ஒருநாள், மருந்தோடு ஒருநாள் என்று அளக்கலாம். முடிந்ததும் கொல்ல வேண்டியதில்லை. என் வகுப்பு நாய்க்கு அந்த யோகம் இல்லை.

அவர்களுடைய பூனைகள் ஒரு நல்ல செய்தி சொன்னதாகத் தோன்றியது. ஹிஸ்டமின் H1 ஏற்பி வழியாகக் குழாயை விரிப்பதோடு, H3 என்ற இன்னோர் ஏற்பி வழியாகப் பரிவு நரம்பின் வாயையும் பொத்திவிடுகிறது. இரண்டையும் சேர்த்துத் தடுத்தால்? 1999-ல் வந்த ஆய்வில், தனித்தனியாகச் செய்யாததை இரண்டும் சேர்ந்து செய்தன. பூனையின் மூக்கு திறந்தது, அடைப்பு நீக்கிகளைப்போல ரத்த அழுத்தத்தை ஏற்றாமலேயே. எவ்வளவு பெரிய வாக்குறுதி! இன்றுவரை H3 தடுப்பான் எதுவும் மூக்கடைப்புக்கென்று கடைக்கு வரவில்லை. அந்தக் குடும்பத்தில் கரையேறியது பிட்டோலிசன்ட். அது பகலில் தாங்க முடியாமல் தூக்கம் வரும் நோய்க்கான மருந்து. மூக்கைத் திறக்கக் கிளம்பிய சிந்தனை கண்ணைத் திறந்து நின்றுகொண்டது.

இதைப் படித்துவிட்டு, 'விலங்கு சொல்வது மனிதனுக்குப் பொருந்தாது, அவ்வளவுதானே' என்று முடித்துவிடத் தோன்றும். எனக்கும் கொஞ்ச காலம் அப்படித்தான் தோன்றியது. என் கருத்தை மாற்றியது ஃபினைலெஃப்ரின் என்ற அடைப்பு நீக்கி.

சொட்டு மருந்துக் காலத்தில் என் தெரு முனை மெடிக்கல் ஷாப் தம்பி ஒருநாள், "சார், எத்தன பாட்டில் வாங்குவீங்க? மாத்திர தரட்டுமா?" என்று ஓர் அட்டையை நீட்டினான். சளி மாத்திரை. பாரசிட்டமால், குளோர்ஃபெனிரமின், கூடவே ஃபினைலெஃப்ரின் 10 மில்லிகிராம். நம்மூர்க் கடைகளில் சளிக்கென்று கேட்டால் கிடைக்கும் அட்டைகள் பலவற்றில் அது இருக்கும். போட்டேன். தூக்கம் வந்தது, அது குளோர்ஃபெனிரமினின் கைங்கரியம். மூக்கு திறக்கவில்லை. என் மூக்குதான் கெட்டுப்போய்விட்டதே என்று விட்டுவிட்டேன்.

முன்பு அமெரிக்காவிலும் சளி மாத்திரைகளில் எஃபிட்ரினின் நெருங்கிய உறவான சூடோஎஃபிட்ரின்தான் கோலோச்சியது. அதைக் கொண்டு மெத் என்ற போதைப்பொருளைக் காய்ச்சுகிறார்கள் என்று 2005-ன் சட்டம் அதைக் கவுண்டருக்குப் பின்னால் தள்ள, வெளியே அடுக்கில் ஃபினைலெஃப்ரின் வந்து உட்கார்ந்தது. ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தின் லெஸ்லி ஹென்டலஸும் ராண்டி ஹேட்டனும் 2007-லேயே, இந்த மாத்திரை வேலை செய்வதற்குச் சான்று இல்லை என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவிடம் மனுப் போட்டார்கள். 2015-ல் 539 பேரிடம் நடந்த சோதனையில் வழக்கமான அளவின் நான்கு மடங்கான 40 மில்லிகிராமும் மருந்தே இல்லாத வெறும் மாத்திரையை ஜெயிக்கவில்லை. 2023 செப்டம்பரில் எஃப்டிஏவின் ஆலோசனைக் குழு 16-க்குப் பூஜ்யம் என்ற வாக்கில் கையை விரித்தது. 2024 நவம்பரில் அதை அனுமதிப் பட்டியலிலிருந்து நீக்கலாம் என்ற முன்மொழிவு வந்தது. இந்தியாவில் 2023 டிசம்பரில் வந்த உத்தரவு, குளோர்ஃபெனிரமின் - ஃபினைலெஃப்ரின் கலவையை 4 வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்குக் கொடுக்காதீர்கள் என்பதோடு நின்றது.

இதில் எந்த விலங்கும் பொய் சொல்லவில்லை. ஃபினைலெஃப்ரினைச் சிரையில் ஏற்றினால் ரத்தக்குழாய் சுருங்கும். நாயிலும் சுருங்கும், மனிதனிலும் சுருங்கும். முதுகில் ஊசி போட்டு அறுவைசிகிச்சை செய்யும்போது அழுத்தம் விழுந்தால் மயக்க மருத்துவர் இன்றும் கையிலெடுப்பது அதைத்தான். மூக்கில் நேரடியாக விட்டாலும் வேலை செய்யும். விழுங்கினால்தான் சிக்கல். எஃபிட்ரினின் பக்கச் சங்கிலியில் ஒரு மெத்தில் தொகுதி காவலுக்கு நிற்கிறது, அதனால் மோனோஅமைன் ஆக்ஸிடேஸ் என்ற நொதியால் அதைக் கடிக்க முடிவதில்லை. ஃபினைலெஃப்ரினுக்கு அந்தக் காவல் கிடையாது. குடல் சுவரைத் தாண்டுவதற்குள் பெரும்பகுதியை நொதிகள் தின்றுவிடுகின்றன. 38 சதவீதம் ரத்தத்தில் சேர்கிறது என்று பழைய கணக்கு சொன்னது. உருமாறாமல், வேலை செய்யும் நிலையில் சேர்வது 1 சதவீதத்துக்கும் குறைவு என்று புதிய கணக்கு. வாய்வழி வேலை செய்யுமா என்ற கேள்வியைத்தான் 1924-ல் எஃபிட்ரினிடம் கேட்டு, ஆம் என்ற பதிலை வாங்கிப் பெருமைப்பட்டார்கள். அதே கேள்வியை இந்த மாத்திரையிடம் ஒழுங்காகக் கேட்டிருக்க வேண்டியது மனிதர்கள், மனிதர்களிடம்.

ஒருவழியாக ஒரு காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போனேன். ஆளுயரக் கருவிகளை எதிர்பார்த்தேன். அவர் ட்ரேயிலிருந்து பளபளவென்று ஒரு எவர்சில்வர் தகட்டை எடுத்து என் மூக்குக்குக் கீழே பிடித்தார். "மூச்ச விடுங்க." தகட்டில் இரண்டு பக்கமும் ஆவி படிந்தது, இடதில் சற்றுப் பெரிதாக.

"ரெண்டு பக்கமும் காத்து வருதே?"

"அடைச்ச மாதிரியே இருக்கு டாக்டர்."

"இருக்கும்."

அந்த 'இருக்கும்' என்ற சொல் என்னைப் பல நாள் துரத்தியது. காற்று போவது வேறு, போவதாகத் தெரிவது வேறு. பிரிட்டனின் கார்டிஃபில் ரான் எக்கிள்ஸ் என்ற ஆய்வாளர் சளி பிடித்தவர்களுக்கு மென்தால் மிட்டாய் கொடுத்து 1990-ல் காட்டினார்: மூக்கின் தடை துளியும் குறையவில்லை, ஆனால் மூக்கு திறந்துவிட்டது என்றார்கள். மென்தால் தொடுவது ரத்தக்குழாயை அல்ல, குளிர்ச்சியை உணரும் நரம்பை. தைலம் தேய்த்ததும் 'அப்பாடா' என்கிறோமே, அந்த அப்பாடா முழுக்க உள்ளுக்குள் நடக்கிறது. இதன் மறுதலையும் உண்டு. உள்ளே இருக்கும் மடிப்புகளை அளவுக்கு மீறி வெட்டி எடுத்துவிட்டால், மூக்கு குகைபோலத் திறந்து கிடக்க, சிலருக்கு மூச்சு முட்டுவதுபோலவே இருக்கும். காலி மூக்கு நோய் என்று அதற்குப் பெயரே வைத்திருக்கிறார்கள். எந்தக் கருவி வைத்து அளந்தாலும் அவர்கள் மூக்கு பிரமாதம். அம்மா நொச்சி இலை போட்டு ஆவி பிடிக்கச் சொல்லும்போது, இதனால் தடை குறையுமா என்று கேட்கிற திமிர் எனக்கு அன்றோடு போயிற்று.

பூனையின் எதிரொலியும் கினிப்பன்றியின் இரட்டை அறையும் காற்றின் பாதையைச் சொல்லும். அப்பாடாவைச் சொல்லாது. மென்தாலை அவற்றில் சோதித்திருந்தால், பயனற்றது என்று முதல் வாரத்திலேயே குப்பையில் போயிருக்கும்.

இப்போது கல்லூரிகளில் நாய் இல்லை. புதுச்சேரி ஜிப்மரின் மருந்தியல் பேராசிரியர் ரவீந்திரன் உருவாக்கிய எக்ஸ்ஃபார்ம் போன்ற மென்பொருள்களில் நாயின் ரத்த அழுத்தக் கோடு திரையில் ஏறி இறங்குகிறது. விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் 1960-லேயே வந்தது. அதற்கான மசோதாவை மாநிலங்களவையில் முதலில் கொண்டுவந்தவர் கலாக்ஷேத்ராவின் ருக்மிணி தேவி அருண்டேல். சட்டம் வந்து முப்பத்துச் சொச்சம் ஆண்டு கழித்துத்தான் நான் அந்த மேசை முன் நின்றேன். மருத்துவப் படிப்பு தேறுவதற்கு அந்த நாய் தேவைப்பட்டதா என்று கேட்டால், நான் கற்றதாகச் சொல்லிக்கொண்ட பாடத்தை என் மூக்குக்கே பயன்படுத்தவில்லை என்பதைத்தான் பதிலாகச் சொல்ல முடியும். புது மருந்து கண்டுபிடிக்கும் இடத்தில் அவ்வளவு சுலபமாக நான் பேசமாட்டேன். அந்தச் சுகி மகரந்தக் கினிப்பன்றிகள் சொன்னதைத் திரை சொல்லியிருக்காது.

மருத்துவர் சொன்ன வழி எளியது. ஒரு மூக்கில் மட்டும் சொட்டை நிறுத்துங்கள், மற்றதில் வழக்கம்போல விடுங்கள். நிறுத்திய பக்கம் தானாகத் திறந்ததும் மற்றதையும் நிறுத்துங்கள். ஸ்டீராய்டு ஸ்ப்ரே ஒன்றும் எழுதித் தந்தார். என் சொட்டு மருந்து எஃபிட்ரின் அல்ல, ஜைலோமெட்டாசோலின். அது நரம்பின் இருப்பைத் தள்ளுவதில்லை, நேராக ஏற்பியிலேயே போய் உட்காருகிறது. ஆகவே கரித்தாளில் நான் பார்த்த மலையும் குன்றும் மேடும் அச்சாக என் மூக்கில் நடந்தது என்று சொல்லமாட்டேன். ஆனால் முதல் வாரம் எட்டு மணி நேரம் நின்ற சொட்டு ஐந்தாம் மாதம் ஒன்றரை மணி நேரம்கூட நிற்காமல் போனதை அந்தக் கோட்டில் வரைந்திருந்தால் ஏறத்தாழ அப்படித்தான் இருந்திருக்கும்.

இடது பக்கத்தை நிறுத்தினேன். முதல் ஐந்து ராத்திரியை விவரிக்க வேண்டாம். உட்கார்ந்து தூங்கினேன் என்பது போதும். ஒன்பதாம் நாள் அது திறந்தது. மூன்று வாரத்தில் வலதையும் விட்டேன்.

அதன்பின் ஒருநாள் ராத்திரி விழிப்பு வந்து தண்ணீர் குடிக்கப் போனபோது, எவர்சில்வர் தட்டொன்றைக் கழுவித் துடைத்து மூக்குக்குக் கீழே பிடித்து மூச்சு விட்டேன். இடதில் பெரிய வட்டம், வலதில் காசளவு. விடியற்காலையில் பால்காரர் மணியடித்து எழுந்தவுடன் மறுபடியும் பிடித்துப் பார்த்தேன். பெரியது வலதுக்கு மாறியிருந்தது.